ஒரு டாலருக்கு ஓர் அணை

கேள்வி:

ஐயா, வணக்கம். மிச்சிகனில் ஒரு சிறிய ஏரிக்கரையில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கினோம். ஏரி என்றால் இயற்கையான ஏரி அல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஆற்றை மறித்துக் கட்டிய மண் அணைக்குப் பின்னால் தேங்கிய நீர். அணை ஒரு சிறு நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரு காலத்தில் மின்சாரம் எடுத்தார்களாம், இப்போது இல்லை. ஷட்டர்களில் ஒன்று துருப்பிடித்து அசைவதே இல்லை. கரை நெடுக மரங்கள் வளர்ந்துவிட்டன. மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவு இரண்டு முறை கடிதம் அனுப்பியும், உரிமையாளர் கையில் பணம் இல்லை என்கிறார். இப்போது எங்கள் ஏரிச் சங்கத்திடம், "ஒரு டாலர் கொடுத்து அணையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிறார். சங்கத்தில் பாதிப் பேருக்கு இதில் ஆசை. மற்றவர்கள், இங்கே மாவட்ட நிர்வாகமான கவுண்டியே கட்டாயமாகக் கையகப்படுத்தி எங்கள் சங்கத்திடம் கொடுக்கட்டும் என்கிறார்கள். நம் ஊரில் ஏரி உடைந்தால் பொதுப்பணித் துறையிடம் போய் நிற்போம். இங்கே யாரிடம் போவது? கவுண்டியால் எடுக்க முடியுமா? எங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மிச்சிகன்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரையாவது அந்த ஒரு டாலர் பத்திரத்தில் சங்கத்தின் சார்பில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யானையை இலவசமாகக் கொடுக்கிறார் என்றால் தீனி போட முடியாமல்தான் கொடுக்கிறார். பத்திரம் பதிவான மறுநாள் முதல், மாநில அரசின் அடுத்த கடிதம் உங்கள் சங்கத்தின் முகவரிக்கு வரும். ஷட்டரைச் சரிசெய், மரங்களை வேரோடு எடு, பொறியாளரை வைத்து ஆய்வு செய் என்ற உத்தரவுகள் எல்லாம் அணையின் உரிமையாளர் யாரோ அவர் மேல்தான் விழும். அணை உடைந்து கீழே வீடுகள் அடித்துச் செல்லப்பட்டால் வழக்கும் அவர் மேல்தான். உங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கும்? கோடைக்காலப் படகுத்துறைச் செலவுக்கும் நீர்ப்பாசி மருந்துக்கும் போக ஏதாவது மிஞ்சினால் பெரிது.

கவுண்டியால் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மிச்சிகனில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: 1994ஆம் ஆண்டின் இயற்கை வளங்கள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 307ஆம் பகுதி. ஏரிகளின் நீர்மட்டத்தை நீதிமன்றம் மூலம் நிர்ணயித்துக் காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம். கவுண்டி வாரியம் தானாகவே இதைத் தொடங்கலாம். ஏரியை ஒட்டிய நில உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால், 45 நாள்களுக்குள் வாரியம் நடவடிக்கையைத் தொடங்கியே ஆக வேண்டும். சர்க்யூட் நீதிமன்றம் நீர்மட்டத்தை நிர்ணயிக்கும். அந்த மட்டத்தைக் காக்கத் தேவையான அணையைக் கவுண்டி நன்கொடையாகப் பெறலாம், விலைக்கு வாங்கலாம், கட்டாயமாகக் கையகப்படுத்தவும் செய்யலாம். மூன்று வழிகளையும் சட்டம் ஒரே மூச்சில் சொல்கிறது.

உங்கள் சங்கத்தார் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். உரிமையாளரே ஒரு டாலருக்குத் தரத் தயாராக இருக்கிறார். அப்படியானால் கட்டாயக் கையகப்படுத்தல் எதற்கு?

காரணம் உண்டு. நூறு ஆண்டுப் பழைய அணை ஒருவர் பெயரில் மட்டும் இருப்பது அபூர்வம். கரையின் ஒரு துண்டு வேறு ஒருவரின் தாத்தா பெயரில் இருக்கும். ஏரியின் அடிநிலம் இன்னொரு நிறுவனத்தின் பெயரில் கிடக்கும். நிறுவனம் வாங்கிய கடனுக்கு ஏதோ ஒரு வங்கி அடமானம் வைத்திருக்கும். சொத்துவரி பாக்கி, ஒப்பந்தக்காரர் போட்ட உரிமைக்கோரிக்கை, மின்கம்பிக்காக எழுதிக் கொடுத்த வழியுரிமை என்று பத்திரத்தின் பின்னால் ஒரு ஊர்வலமே வரும். உரிமையாளர் ஒரு டாலருக்கு எழுதிக் கொடுப்பது அவரிடம் இருப்பதை மட்டும்தான். நீதிமன்றம் வழியாகக் கையகப்படுத்தினால் சொத்தில் பங்கு கேட்கக்கூடிய அத்தனை பேரையும் வழக்கில் சேர்த்து, ஒரே தீர்ப்பில் உரிமையைச் சுத்தமாக்கிக்கொள்ளலாம். சண்டைக்காரரிடமிருந்து பிடுங்கும் ஆயுதம் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். கைவிடப்பட்ட அணைகளின் விஷயத்தில் அது பெரும்பாலும் சிக்கலெடுக்கும் சீப்பாகத்தான் பயன்படுகிறது.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் வேலை அல்ல, கவுண்டி வழக்கறிஞரின் வேலை. மிச்சிகனின் 1980ஆம் ஆண்டுக் கையகப்படுத்தல் நடைமுறைச் சட்டப்படி, முதலில் மதிப்பீடு செய்து எழுத்துபூர்வமாக நியாயமான விலை சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சர்க்யூட் நீதிமன்றத்தில் வழக்கு. பொதுத்தேவை உண்டு என்று ஓர் அரசு அமைப்பு தீர்மானித்தால், மோசடி, சட்டப்பிழை, அதிகாரத் துஷ்பிரயோகம் இவற்றில் ஒன்றைக் காட்டினாலொழிய நீதிபதி அதில் தலையிட மாட்டார். பணம் எவ்வளவு என்ற தகராறு பிறகு ஆற அமர நடக்கும். இறுதியில் கிடைக்கும் தொகை கவுண்டி முதலில் சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு வரை உரிமையாளரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் கவுண்டியே ஏற்க வேண்டியிருக்கும். அதனால் முதல் விலையைக் கஞ்சத்தனமாகச் சொல்வது புத்திசாலித்தனம் அல்ல.

இடிந்து கிடக்கும் அணைக்கு நியாயமான விலை என்ன? விருப்பமுள்ள ஒருவர் விருப்பமுள்ள இன்னொருவரிடம் எவ்வளவு கொடுத்து வாங்குவார் என்பதுதான் அளவுகோல். ஒரு டாலருக்கே ஆள் தேடும் சொத்தின் சந்தை மதிப்பை உரிமையாளரே சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கவுண்டி எடுத்து எங்கள் சங்கத்திடம் கொடுக்கட்டும் என்ற யோசனை மட்டும் நடக்காது. அதை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். 1981இல் டெட்ராய்ட் நகரம் போல்டவுன் என்ற குடியிருப்பையே கையகப்படுத்தி ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குக் கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அந்த ஆலை இன்றும் ஓடுகிறது, நம்மவர்கள் சிலர் அங்கே வேலை பார்க்கவும் கூடும். அன்று மாநில உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. அதே நீதிமன்றம் 2004இல் வெய்ன் கவுண்டி வழக்கில், அந்தத் தீர்ப்பு தவறு என்று தானே மாற்றிக்கொண்டது. பிறகு 2006இல், பொருளாதார வளர்ச்சிக்காக என்று சொல்லி ஒருவரின் சொத்தைப் பிடுங்கி இன்னொரு தனியாரிடம் கொடுக்கக் கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதி, ஏறத்தாழ 80 சதவீத வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். இந்த மாநிலத்தில் இது ஆறாத புண். கவுண்டியே வைத்துக்கொண்டு, கவுண்டியே நீர்மட்டத்தைக் காத்தால் பொதுப்பயன் என்பதில் கேள்வி எழாது. கரையோர வீட்டுக்காரர்களின் சங்கத்துக்குக் கைமாற்றினால் முதல் எதிர்ப்பு மனு உங்கள் பக்கத்து வீட்டிலிருந்தே வரும்.

இனி எடன்வில் அணையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மிச்சிகனில் இருந்துகொண்டு நீங்கள் அதைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. ஆனால் பெரும்பாலோர் அதை வெள்ளக் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நேரம் போதாமல் போன கதை.

டிட்டபவாசி ஆற்றின் வழியில் 1920களில் கட்டிய நான்கு அணைகள்: சீகார்ட், ஸ்மால்வுட், எடன்வில், சான்ஃபோர்ட். நான்கும் பாய்ஸ் ஹைட்ரோ என்ற ஒரே தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தன. எடன்வில்லின் உபரிநீர்ப் போக்கிகளால், நடக்கக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் என்று பொறியாளர்கள் கணக்கிட்ட அளவில் ஏறத்தாழப் பாதியைத்தான் வெளியேற்ற முடியும். பெரிதாக்கச் சொல்லி ஃபெடரல் எரிசக்தி ஆணையம் பல ஆண்டுகள் கேட்டும் நடக்கவில்லை. 2018 செப்டம்பரில் ஆணையம் மின் உற்பத்தி உரிமத்தை ரத்து செய்தது. மின்சாரம் விற்ற வருமானம் நின்றது. அணையைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் வந்தது. தண்டனை சரியானதுதான். ஆனால் பணமில்லாத உரிமையாளரின் கடைசி வருமானத்தையும் நிறுத்திவிட்டால் அணையை யார் பழுதுபார்ப்பது?

மிட்லண்ட், கிளாட்வின் கவுண்டிகள் சும்மா இருக்கவில்லை. நான் மேலே சொன்ன அதே 307ஆம் பகுதியின் கீழ் நடவடிக்கை எடுத்தார்கள். 2019 மே மாதம் நீதிமன்றம் ஏரிகளின் மட்டத்தை நிர்ணயித்தது. ஃபோர் லேக்ஸ் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற அமைப்பைக் கவுண்டிகள் தங்கள் பிரதிநிதியாக நியமித்தன. நான்கு அணைகளையும் வாங்க உரிமையாளருடன் விலை பேசி ஒப்பந்தமும் போட்டார்கள். பொறியாளர்கள் பழுதுபார்க்கும் திட்டங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். இதற்கு நடுவே, முந்தைய ஆண்டுகளில் ஏரி மட்டத்தைத் தாழ்த்தியதால் ஆற்றுச் சிப்பிகள் செத்தன என்று மாநில அரசு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது 2020 ஏப்ரல் 30 அன்று. பத்தொன்பது நாள் கழித்து, மே 19 மாலை, எடன்வில்லின் கிழக்குக் கரை சரிந்தது. பாய்ந்து வந்த நீர் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையின் மேல் ஏறி அதையும் உடைத்தது. கொரோனா முடக்கத்தின் நடுவில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை வெளியேற்றினார்கள். யாரும் இறக்கவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

ஜூலை மாத இறுதியில் நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. கவுண்டிகள் கட்டாயக் கையகப்படுத்தலுக்குப் போய், முன்பு பேசியதைவிட மிகக் குறைந்த இழப்பீட்டில், அந்த ஆண்டு முடிவதற்குள் அணைகளைப் பெற்றன. விலை குறைந்தது, உண்மைதான். கையில் கிடைத்தவற்றில் இரண்டு உடைந்த அணைகள், இரண்டு சேதமான அணைகள். எடன்வில் அணை தேக்கிவைத்திருந்த விக்சம் ஏரியின் இடத்தில் சேறும் புதரும். வெள்ளம் வருமுன் அணை கோலு என்று நம் பாட்டிமார் சொன்னது இவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. கோலிக்கொண்டிருந்தபோதே வெள்ளம் வந்துவிட்டது.

எல்லோரும் பயந்தது உபரிநீர்ப் போக்கி சிறியது, வெள்ளம் கரைமேல் வழிந்துவிடும் என்று. ஆனால் எடன்வில்லில் நீர் கரைமேல் வழியவே இல்லை. சுயேச்சையான நிபுணர் குழு 2022இல் கொடுத்த இறுதி அறிக்கையின்படி, கரைக்குள் தளர்வாகக் கொட்டப்பட்டிருந்த மணல், ஏறிய நீரின் அழுத்தத்தில் சட்டென்று பிடிப்பை இழந்து குழம்பைப்போல ஓடிவிட்டது. ஸ்டாட்டிக் லிக்விஃபேக்ஷன் என்பார்கள். 1920களில் வரைபடத்தில் சொன்னபடி கரையைக் கட்டவில்லை. நூறு ஆண்டு கழித்து அது கணக்கைத் தீர்த்தது.

உங்களுக்கு இதனால் என்ன? கண்ணுக்குத் தெரியும் துருப்பிடித்த ஷட்டரையும் மரங்களையும் பற்றித்தான் உங்கள் கடிதம் பேசுகிறது. கவுண்டி அந்த அணையைத் தொடுவதற்கு முன், கரையில் துளை போட்டு மண் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவாகும், உரிமையாளர் அனுமதிக்க வேண்டும், மறுத்தால் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு, சுற்றிப் பார்த்து எழுதும் ஆய்வு அறிக்கையை வைத்து விலை பேசினால், வாங்குவது என்னவென்றே தெரியாமல் வாங்குவதாகும்.

அடுத்து பணம். கவுண்டி எடுத்தால் கவுண்டியின் பொது நிதியிலிருந்து செலவாகும் என்று சங்கத்தில் சிலர் நினைக்கக்கூடும். பெரும்பாலும் அப்படி அல்ல. 307ஆம் பகுதியில் ஸ்பெஷல் அசெஸ்மெண்ட் மாவட்டம் என்று ஒன்றை அமைப்பார்கள். ஏரி இருப்பதால் பயன் பெறும் ஒவ்வொரு நிலத்தின் மீதும் தனி வரி. கரையோர வீடுகள் மட்டும் அல்ல, ஏரிக்குப் போக உரிமை உள்ள பின்வரிசை வீடுகளும் சேரலாம். எடன்வில் உள்ளிட்ட நான்கு அணைகளின் ஏரிகளை மீட்க மாநில அரசு 2022இல் 20 கோடி டாலர் கொடுத்தது. அதற்குமேல் தேவைப்பட்ட 20 கோடி டாலருக்கும் கூடுதலான தொகையை ஏரிக்கரைச் சொத்துகளின் மீது 40 ஆண்டுகளுக்குப் பரப்ப 2024 பிப்ரவரியில் கவுண்டிகள் ஒப்புதல் கொடுத்தன. ஏரியே இல்லாத நிலத்துக்கு ஏரி வரியா என்று கரையோரத்தார் பலர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், பணம் திரட்டும் கடன்பத்திரங்களை விற்பது தாமதமானது. இரு தரப்பின் மேலும் எனக்கு அனுதாபம் உண்டு. உங்கள் அணை அவற்றைவிட மிகச் சிறியது என்று தெரிகிறது, தொகையும் சிறியதாக இருக்கும். ஆனால் பங்கிடும் வீடுகளும் குறைவாக இருக்குமே. ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று பொறியியல் ஆய்வு வராமல் நான் சொன்னால் அது ஜோசியம்.

வரிப் பட்டியலைக் கவுண்டி வாரியம் ஏற்ற நாளிலிருந்து 15 நாள்களுக்குள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யாவிட்டால் அதுவே இறுதி. அதற்கு முன் நடக்கும் விசாரணைக் கூட்டத்துக்கான அறிவிப்பு தபாலில் சாதாரண உறையில்தான் வரும். விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

நம் ஊரைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரு வார்த்தை. பொதுப்பணித் துறை வருவதற்கு முன் நம் ஏரிகளைக் காத்தது குடிமராமத்து. ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு இத்தனை நாள் என்று கரைக்கு மண் போட்டார்கள், மதகைப் பார்த்தார்கள், கலிங்கைச் செப்பனிட்டார்கள். பயன் பெறுபவரே பராமரிப்புக்கும் பொறுப்பு. அதில் கட்டாயமும் இருந்தது, ஏழையின் முதுகில் சுமை கூடுதலாக விழுந்ததும் உண்டு. இந்த ஸ்பெஷல் அசெஸ்மெண்ட்டும் அடிப்படையில் அதே கணக்குத்தான், மண்வெட்டிக்குப் பதில் காசோலை.

அணையை வைத்துக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். டிராவர்ஸ் சிட்டி அருகே போர்ட்மன் ஆற்றில் 2012இலிருந்து 2018க்குள் மூன்று அணைகளை அகற்றி ஆற்றை ஓடவிட்டார்கள். ஏரிக்கரை வீடு வாங்கிய உங்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். ஆனால் ஆய்வறிக்கையில் பழுதுபார்க்கும் செலவும் அகற்றும் செலவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கூட்டத்தில் நேர்மையாகப் பேச முடியும். சிறிய அணைகளில் இரண்டாவது எண் பல நேரம் சிறியது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் கவுண்டி டிரெயின் கமிஷனர், அதாவது வடிகால் ஆணையர், அலுவலகத்துக்குப் போங்கள். மிச்சிகனில் இது தேர்தலில் வெல்லும் பதவி. சில கவுண்டிகளில் நீர்வள கமிஷனர் என்று பெயர். கவுண்டியில் ஏரிமட்ட விவகாரங்களைப் பெரும்பாலும் இவர்தான் கவனிப்பார். உங்கள் ஏரிக்கு ஏற்கெனவே பழைய நீர்மட்டத் தீர்ப்பு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். 1930களிலோ 1950களிலோ போட்டுவிட்டு எல்லோரும் மறந்துபோன தீர்ப்பு கோப்பில் உறங்கக்கூடும். இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் எழுதிக் கேட்டு, அணையின் அபாய வகைப்பாட்டையும் ஆய்வறிக்கைகளையும் வாங்குங்கள். அபாயம் அதிகம் என்று வகைப்படுத்திய அணைகளை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். இந்த வகைப்பாடு அணை எவ்வளவு பலவீனமானது என்பதைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறது. புத்தம் புதிய அணையும் அதிக அபாயப் பட்டியலில் இருக்கலாம்.

மின்சாரம் எடுத்தார்களாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபெடரல் எரிசக்தி ஆணையம் கொடுத்த மின் உற்பத்தி உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆணையத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் உரிமத்தை உரிமையாளர் யாருக்கும் மாற்ற முடியாது. ஒரு டாலர் பத்திரத்துக்கு அந்த அளவுக்குத்தான் மதிப்பு. ஆனால் உரிமம் உள்ள திட்டத்தையும் மாநிலமோ நகராட்சியோ நியாயமான இழப்பீடு கொடுத்துக் கையகப்படுத்தும் உரிமையை ஃபெடரல் மின்சக்திச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. கவுண்டி வழக்கறிஞருக்கு இது தெரியாவிட்டால் நினைவூட்டுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உரிமையாளருக்கு உங்கள் சங்கம் ஒரு பதில் எழுதலாம்: நன்றி, நாங்கள் வாங்கவில்லை, கவுண்டிக்கு நன்கொடையாகத் தர முன்வருவீர்களா, அதுவரை பொறியாளர் கரையில் துளையிட்டுப் பார்க்க அனுமதிப்பீர்களா? அவர் சம்மதித்தால் அணை தானமாகவும், உரிமை தெளிவில்லாத துண்டுகள் மட்டும் கையகப்படுத்தல் மூலமாகவும் வரும். எனக்குப் பிடித்த வழி அதுதான். கூடவே, பழுதான ஷட்டர் திறக்கும் வரை ஏரி மட்டத்தைக் குறைத்து வைக்க முடியுமா என்று மாநிலத் துறையிடம் கேளுங்கள். படகுத்துறை சேற்றில் நிற்கும். அதற்காகச் சங்கத்தில் உங்களைத் திட்டுவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ஏரிக்கரை வீடுகள் இருக்கின்றன, உரிமையாளர் இருக்கிறார், கவுண்டி இருக்கிறது. அணைக்குக் கீழே ஆற்றோரம் குடியிருப்பவர்கள் ஒரு வரியில்கூட இல்லை. அணை உடைந்தால் உங்கள் வீட்டுக்கு முன்னால் நீர் வற்றும், அவர்கள் வீட்டுக்குள் நீர் வரும். அணையிலிருந்து கீழ்நோக்கி ஒரு சனிக்கிழமை காரில் போய், ஆற்றை ஒட்டி எத்தனை வீடுகள், எத்தனை பாலங்கள், ஒரு பள்ளியாவது இருக்கிறதா என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். டிரெயின் கமிஷனரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவர்களில் இரண்டு பேரையாவது அழையுங்கள்.